இருபதும் ஸ்வெட்டரும்

பட்டாணியின் அம்மா வானிலை சொல்பவர். ஆனால், "அம்மா, இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்டால், "எனக்கெப்படித் தெரியும்? ஜன்னலைத் திறந்து பாரு" என்பார்.

ஏனென்றால் அம்மாவின் வேலை மேகத்துக்கு மேலே. கொஞ்சம் மேலே இல்லை, ரொம்ப ரொம்ப மேலே.

சூரியனின் முகத்தில் சில சமயம் கரும்புள்ளிகள் வரும். அவற்றில் ஏதாவது ஒன்று வெடித்தால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அங்கிருந்து சீறிக்கொண்டு கிளம்பும். தரையில் இருக்கும் நமக்கு ஒன்றும் ஆகாது. நமக்கு மேலே காற்று கனமான போர்வையாக மூடியிருக்கிறது. ஆனால் வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்குப் போர்வை ஏது? விழித்திருக்கும் செயற்கைக்கோளுக்குள் ஒரே ஒரு துகள் தப்பான இடத்தில் நுழைந்தாலும் போதும், உள்ளே கருகிவிடலாம். மின்சாரத்தை நிறுத்தித் தூங்க வைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

எந்த நாளில் தூங்க வைக்க வேண்டும்? அதற்குத்தான் அம்மா. காலையில் புள்ளிகளைப் பார்த்து அம்மா ஓர் எண் சொல்வார். இன்றைக்குத் துகள் புயல் வர வாய்ப்பு நூற்றுக்கு இருபது, நூற்றுக்கு ஐந்து, இப்படி. வரும், வராது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது.

"அப்பா, இன்னைக்கு சீக்கிரம் வருவீங்களா?"

"எண்பது. பட்டாணி, வீட்டுப்பாடம் முடிஞ்சிருக்க வாய்ப்பு?"

"நாற்பது."

"அப்போ டிவி பார்க்க வாய்ப்பு பூஜ்யம்."

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் வந்த பெயர். இப்போது ஒட்டடைக்குச்சி போல இருக்கிறாள், ஆனாலும் பெயர் மாறவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அது பட்டாணியின் சொத்து. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது சொல்லும் எண்ணை அன்றைய கட்டத்தில் எழுதுவாள். புயல் வந்துவிட்டால் கட்டத்துக்கு மஞ்சள் அடிப்பாள். வராவிட்டால் வெறுமனே விட்டுவிடுவாள். ஒரு வருடமாக ஒரு நாள்கூட விடவில்லை.

சில கட்டங்களில் ஒரு சின்னப் பொத்தானும் வரைந்திருப்பாள். அது ஸ்வெட்டர் பொத்தான். அம்மாவின் ஆபீஸில் இயந்திரங்களுக்காக எப்போதும் குளிராக வைத்திருப்பார்கள். வேலை இழுத்துக்கொண்டு போகும் என்று அம்மாவுக்குத் தோன்றும் நாளில், கதவோரத்து ஆணியில் தொங்கும் சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார். சாப்பாட்டு டப்பாவும் ஒன்றுக்கு இரண்டாகப் போகும்.

பட்டாணிக்கு ஸ்வெட்டர் நாள் பிடிக்கும். அம்மா வர நேரமாகும், அதனால் அன்றைக்கு அக்காவின் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். அக்கா நிறையக் கதை வைத்திருப்பாள்.

வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது பதினாறு நாளாகக் கதையும் இல்லை, ஒன்றும் இல்லை.

அக்கா கல்லூரியில் படிக்கிறாள். அவளும் ஏழு நண்பர்களும் மூன்று வருடம் உழைத்து ஒரு குட்டிச் செயற்கைக்கோள் செய்திருந்தார்கள். அப்பாவுக்குச் செருப்புக்கடை. அங்கிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்துப்போய், 'எல்லாம் இதுக்குள்ள அடங்கணும்' என்று அளவு வைத்துக்கொண்டு செய்தார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. செருப்புப்பெட்டி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு பெரிய ராக்கெட்டின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு செருப்புப்பெட்டி மேலே போனது. பதினாறு நாளைக்கு ஒரு முறை, காலை ஒன்பது பத்துக்கு, அது சரியாக இந்த ஊருக்கு நேர் மேலே வரும். அப்போது சொந்த ஊரைப் படம் எடுக்க வேண்டும். அதுதான் அதன் முதல் படமாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

படம் எடுப்பது ஒரு நொடி வேலை. ஆனால் பெட்டியின் குரல் சின்னது. எடுத்த படத்தைத் துண்டு துண்டாகக் கீழே அனுப்ப மறுநாள் காலை ஆகிவிடும். அதுவரை பெட்டி விழித்திருக்க வேண்டும். நடுவில் தூங்க வைத்தால் படம் மறந்துபோகும்.

முதல் வாய்ப்பு வந்த அன்று அம்மா, "எழுபது" என்றார். அம்மா அவ்வளவு பெரிய எண் சொல்லி நாளாகியிருந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் தூங்க வைத்தாள். இன்னும் பதினேழு பெரிய செயற்கைக்கோள்களையும் தூங்க வைத்தார்கள்.

புயல் வரவில்லை.

அன்று கப்பல்களுக்கு மேகப் படம் போகவில்லை. வண்டிக்காரர்களுக்கு வழி தெரியவில்லை. டிவியில் பந்தாட்டம் பாதியில் நின்றது. பந்தாட்டம் நின்றதைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை. ஆபீஸுக்கு விடாமல் போன் வந்தது. பெரிய அதிகாரி அம்மாவைக் கூப்பிட்டு என்னவோ கேட்டார். அம்மா வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சூரியன் மட்டும்தான் வெடிக்கவில்லை. "உன் நம்பரை நம்பினேன் பாரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து பட்டாணிக்குப் புது வேலை. தூது.

"பட்டாணி, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொல்லு" என்பார் அம்மா.

"கழுவியாச்சுன்னு சொல்லு" என்பாள் அக்கா, அதே மேஜையில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

"அம்மா, கழுவியாச்சாம்."

"காதுல விழுந்தது."

"அக்கா, அம்மாவுக்குக் காதுல விழுந்ததாம்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பட்டாணிக்கு மத்தளத்தின் கஷ்டம் நன்றாகவே புரிந்தது. அப்பாவிடம் போய் முறையிட்டாள்.

"நான் செருப்பு விக்கிறவன்மா" என்றார் அப்பா. "எனக்குத் தரையிலதான் வேலை. வானத்துச் சண்டைக்கு என்னைக் கூப்பிடாதே."

இப்படியே பதினாறு நாள் ஓடிவிட்டது. இன்று சனிக்கிழமை. செருப்புப்பெட்டி மறுபடி ஊருக்கு நேர் மேலே வரும் நாள்.

அக்காவுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. பரீட்சை முடிந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை நண்பர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போகிறார்கள். மூன்று வருடம் ஒன்றாக உழைத்தவர்கள் முதல் படத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

காலை ஆறரை மணி. அம்மா பால் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரமாகக் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் ஆறி ஆடை படிந்துவிட்டது.

பட்டாணி பென்சிலோடு காலண்டர் முன்னால் நின்றாள். "அம்மா, இன்னைக்கு எத்தனை?"

அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் அக்கா நிற்பது, கதவுக்கு அடியில் தெரிந்த கால் விரல்களிலிருந்தே தெரிந்தது.

"இருபது" என்றார் அம்மா.

கால் விரல்கள் இரண்டு முறை எம்பிக் குதித்தன.

அக்கா பத்தே நிமிடத்தில் தலைவாரிக்கொண்டு, ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, கல்லூரிக்குப் பறந்துவிட்டாள். வாசலில் அவள் சீட்டியடிப்பது கேட்டது. பதினாறு நாளில் முதல் சீட்டி. அம்மாவும் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

பட்டாணி கட்டத்தில் 20 என்று எழுதினாள். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்று படம் வந்துவிடும், அக்கா சிரிப்பாள், தூது வேலைக்கு விடுதலை.

எட்டு மணிக்கு வாசலைப் பெருக்கத் துடைப்பத்தை எடுக்கப் போனவள் கதவோரத்தில் நின்றுவிட்டாள். ஆணி காலியாக இருந்தது.

ஸ்வெட்டரைக் காணோம்.

ஓடிப்போய்ச் சமையலறை அலமாரியைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பா இரண்டையும் காணோம்.

பட்டாணி துடைப்பத்தைப் பிடித்தபடியே யோசித்தாள். அம்மாவின் வாய் இருபது என்றது. கை ஸ்வெட்டரை எடுத்திருக்கிறது. ஏன்?

காலண்டரின் பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபது என்று எழுதியிருந்த கட்டங்களை விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தொன்று. அதில் ஒரு கட்டத்தில்கூடப் பொத்தான் இல்லை. பிறகு அறுபதையும் எழுபதையும் எண்ணினாள். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் பொத்தான்.

காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டினாள்.

"அப்பா, கடைக்குப் போகும்போது என்னை அம்மா ஆபீஸ்ல விடுங்க."

"எதுக்கு? வானத்துச் சண்டையா?"

"இல்லப்பா. ஸ்வெட்டர்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆபீஸ் வாசலில் காவலர் உட்கார்ந்திருந்தார். பட்டாணிக்கு அவர் வாசல் மாமா. "என்ன பாப்பா, சுருட்டுன துப்பாக்கியா?" என்று கேட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

அம்மாவின் அறை இருட்டாக, ஜில்லென்று இருந்தது. சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன். ஒன்றில் பச்சைச் சூரியன், ஒன்றில் நீலச் சூரியன். நடுவில் அம்மா ஸ்வெட்டரோடு, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே திரையில் ஒரு படிவம். அதில் எண் எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஒன்பதரைக்குள் அதை நிரப்பி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

மேஜையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் 60 என்று எழுதி அடித்து, கீழே 40 என்று எழுதி அடித்து, அதற்கும் கீழே 20 என்று எழுதியிருந்தது.

"பட்டாணி? நீ எங்க இங்க?"

பட்டாணி காலண்டரை மேஜைமேல் விரித்தாள். அது சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டது. ஒரு முனையில் தண்ணீர் பாட்டிலையும் இன்னொரு முனையில் தன் முழங்கையையும் வைத்தாள்.

"அம்மா, நீ இருபதுன்னு சொன்ன நாள் முப்பத்தொண்ணு. ஒரு நாள்கூட ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனதில்லை. இன்னைக்கு எடுத்துட்டு வந்திருக்க. டப்பாவும் ரெண்டு."

அம்மா குனிந்து தன் ஸ்வெட்டரைப் பார்த்தார், யாரோ தனக்குத் தெரியாமல் மாட்டிவிட்டதைப் போல.

"உனக்கு நிஜமா எத்தனைன்னு தோணுதும்மா?"

அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு திரையைக் காட்டினார். சூரியனின் ஓரத்தில் கறுப்பாக, கோணல்மாணலாக ஒரு பெரிய புள்ளி. "இவன்தான். நாலு நாளா வளர்ந்துட்டே வர்றான். எனக்கு அறுபதுன்னு தோணுது. ஆனா போன தடவையும் இப்படித்தான் தோணுச்சு. எழுபதுன்னு சொன்னேன். வரலையே."

சூடுபட்ட பூனை பாலைக் கண்டாலும் ஓடும். அம்மாவின் நிலைமை அதுதான்.

"நான் எண்ணிப் பார்த்தேன்மா" என்றாள் பட்டாணி. "அறுபது, எழுபதுன்னு நீ சொன்னது பதினோரு தடவை. ஏழு தடவை வந்துச்சு. நாலு தடவை வரலை. வராத நாலுல அன்னைக்கும் ஒண்ணு. அப்படி வரக்கூடாதா?"

அம்மா காலண்டரைத் தன் பக்கம் இழுத்து, மஞ்சள் கட்டங்களைத் தானே எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான்.

"இருபதுக்கு எத்தனை வந்திருக்கு?"

"முப்பத்தொண்ணுல ஆறு."

அம்மா காலண்டரைத் தடவிக்கொடுத்தார். "பதினொண்ணும் வந்திருந்தாத்தான் பட்டாணி நான் தப்பா சொல்றேன்னு அர்த்தம். எழுபதுன்னா பத்துல மூணு தடவை வராம இருக்கணும். இதை ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கே மறந்துபோச்சு பாரு."

துண்டுக் காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். படிவத்தின் கட்டத்தில் 60 என்று தட்டி அனுப்பினார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார். ஒன்பது அடிக்க ஒரு நிமிடம்.

"ஐயோ, பெட்டி. ஒன்பது பத்துக்கு ஊரைத் தாண்டிப் போயிடும். அதுக்கப்புறம் ராத்திரிதான் வரும், அதுவரைக்கும் தூங்க வைக்க முடியாது."

அம்மா அக்காவுக்குப் போன் செய்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுக்கவில்லை. அம்மாவின் எண்ணைப் பார்த்தாலே இந்தப் பதினாறு நாளாக அக்கா எடுப்பதில்லை.

பட்டாணி வாசலுக்கு ஓடி, வாசல் மாமாவின் போனை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். இரண்டாவது மணியில் அக்கா எடுத்துவிட்டாள்.

"அக்கா, நான்தான் பட்டாணி. அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"சீக்கிரம் சொல்லித் தொலை. இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கு."

பட்டாணி வாயைத் திறந்தாள். அறுபதாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நாக்கு எழவில்லை. தட்டுக் கழுவும் சேதியைத் தூது சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது?

"இதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்கோங்க" என்று போனை அம்மாவின் காதில் வைத்து அழுத்தினாள். தன் காதையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"நான்தான்" என்றார் அம்மா. "காலையில நான் சொன்ன நம்பர் நிஜம் இல்லை. அறுபது."

அந்தப் பக்கம் அக்காவின் குரல் உயர்ந்தது.

"இப்ப வந்து சொல்றியா? அப்போ ஏன் இருபதுன்னு சொன்ன?"

"அன்னைக்கு ராத்திரி நீ அழுதுட்டு இருந்த. நான் கதவுக்கு வெளியில நின்னுட்டு இருந்தேன். திரும்பவும் உன்னை அழவைக்க எனக்கு மனசு வரலை. திட்டு வாங்கவும் தெம்பு இல்லை. அதான் குறைச்சுட்டேன். தப்புதான்."

கடிகார முள் நகர்ந்தது. ஒன்பது ஆறு.

"இப்ப நான் என்னம்மா பண்ணணும்?" அக்காவின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"நம்பர் சொல்றது என் வேலை. பெட்டி உன்னோடது. முடிவும் உன்னோடதுதான்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

அக்கா என்ன முடிவு செய்தாள் என்று தெரியவில்லை. ஒன்பது பத்து வந்தது, போனது. மறுபடி கூப்பிட அம்மாவும் முயலவில்லை, பட்டாணியும் கேட்கவில்லை.

பதினோரு மணி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு ஆனது. அம்மாவும் பட்டாணியும் முதல் டப்பாவைத் திறந்து பாதிப் பாதி சாப்பிட்டார்கள். ஒரு மணி. இரண்டு மணி. பட்டாணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் வராத கட்டமாகப் போய்விட்டால்? கணக்கெல்லாம் சரிதான். ஆனால் அக்காவின் முகத்தைக் கணக்குப் பார்த்துச் சமாளிக்க முடியுமா?

காலையிலிருந்து கொடுக்க மறந்திருந்த போனைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்குப் போனாள். வெயில் பளிச்சென்று அடித்தது.

"உங்க அம்மா புயல் வரும்னு சொன்னாங்களாமே பாப்பா?" என்றார் வாசல் மாமா, அட்டையால் விசிறிக்கொண்டே. "எங்க? ஒரு இலைகூட அசையலையே."

"அது வேற புயல் மாமா. வந்தாலும் இலை அசையாது."

"அசையாத புயலுக்கா இவ்வளவு பெரிய ஆபீஸ்?"

அவள் பதில் சொல்லத் தொடங்கும்போது உள்ளே மணி ஒலித்தது. விட்டு விட்டு, கூர்மையாக. பட்டாணி ஓடினாள்.

எல்லாத் திரைகளிலும் ஒரே இடத்தில் வெளிச்சம். கறுப்புப் புள்ளி இருந்த ஓரத்தில் கண்ணைக் கூசும் வெள்ளை. அம்மா நின்றுகொண்டே ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் படங்களின் மேல் வெள்ளைப் பொட்டுகள் விழத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு, பிறகு அரிசியை அள்ளி இறைத்த மாதிரி.

"அதோ பாரு" என்றார் அம்மா. "துகள்கள் வந்து கேமராமேலயே மோதுது. வந்துட்டான்."

வெளியே வெயில் அப்படியேதான் இருந்தது. இலை அசையவில்லை.

பெரும்பாலான செயற்கைக்கோள்களைக் காலையிலேயே தூங்க வைத்திருந்தார்கள். 'போன தடவை மாதிரிதானே' என்று இரண்டு பேர் மட்டும் தங்களுடையதை விழித்திருக்க விட்டுவிட்டார்கள். அவர்களுடைய இரண்டும் சாயங்காலத்துக்குள் பேச்சை நிறுத்திவிட்டன.

பட்டாணி காலண்டரில் 20ஐ அழித்துவிட்டு 60 என்று எழுதினாள். மஞ்சள் பென்சில் வீட்டில் இருந்தது. ஆனால் அவள் அதை நினைக்கவில்லை. செருப்புப்பெட்டியைத்தான் நினைத்தாள். அக்கா விழித்திருக்க விட்டிருந்தால், அது இந்நேரம் போர்வை இல்லாமல் இந்த அரிசி மழைக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான்கு மணிக்கு அறைக் கதவு திறந்தது. அக்கா நின்றாள். தலை கலைந்திருந்தது. ஓடி வந்திருக்கிறாள்.

அம்மா அவளைப் பார்த்தார். கேட்கப் பயமாக இருந்தது போல.

பட்டாணியால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, பெட்டி?"

"தூங்குது" என்றாள் அக்கா.

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏழு பேரும் என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. காலையில இருபது, இப்ப அறுபது, உங்க அம்மா என்ன காய்கறிக்கடையா வெச்சிருக்காங்கன்னு கேட்டாங்க." அக்கா நேராக அம்மாவைப் பார்த்துப் பேசினாள். நடுவில் தூது இல்லை. "நான் சொன்னேன், தப்பா சொல்லிட்டேன்னு தானா கூப்பிட்டுச் சொல்றவங்க நம்பரை நம்பாம வேற யார் நம்பரை நம்பறதுன்னு."

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதார்கள். பட்டாணிக்கும் அழுகை வந்தது. ஆனால் இரண்டாவது டப்பா இன்னும் திறக்கப்படாமல் இருப்பது ஞாபகத்துக்கு வந்ததும் கொஞ்சம் குறைந்தது.

"இது என்னம்மா, ஒரு பொத்தானைக் காணோம்?" என்றாள் அக்கா, ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டே.

"அது விழுந்து ஒரு வருஷமாச்சு" என்றாள் பட்டாணி. காலண்டரில் பொத்தான் வரைகிற ஆளுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலைக்குள் புயல் அடங்கிவிட்டது. கல்லூரி மாடியில் ஒரு சின்ன அறை. மேலே கம்பிகள் நீட்டிய ஓர் ஆன்டெனா. அறைக்குள் அக்கா, ஏழு நண்பர்கள், அம்மா, பட்டாணி. அப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வானத்துச் சண்டைக்குத்தான் வரமாட்டாராம், இதற்கு வரலாமாம்.

பெட்டி அன்றைக்கு ஊருக்கு நேர் மேலே வரவில்லை. ஓரமாக, கடல் பக்கம்தான் போகும். ஊர்ப் படம் கிடைக்காது. ஆனால் குரல் எட்டும்.

அக்கா 'எழுந்திரு' என்ற கட்டளையை அனுப்பினாள். பெட்டி பேசவில்லை. இன்னொரு முறை அனுப்பினாள். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். அம்மா பட்டாணியின் கையைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது.

"எழுந்திருக்க வாய்ப்பு எத்தனைம்மா?" என்று கிசுகிசுத்தாள் பட்டாணி.

"தெரியலைடி. இதுக்கு என்கிட்ட நம்பர் இல்லை."

மூன்றாவது முறை. இரைச்சலுக்கு உள்ளிருந்து 'பிப்' என்றது. பிறகு 'பிப் பிப்.' தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை சிணுங்குவது போல.

அறையே கூச்சலில் அதிர்ந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீழே என்ன இருந்தாலும் சரி, எடுத்துடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டளையை அனுப்பினாள்.

மறுநாள் காலை படம் முழுதாக வந்து சேர்ந்தது. நண்பர்கள் எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். பாதிப் படம் மேகம், பாதிப் படம் கடல். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் தேடினார். "இதுல என் கடை எங்க இருக்கு?"

"உங்க கடைக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகும்பா."

"பரவாயில்லை. போர்டுக்குப் பெயிண்ட் அடிக்க டைம் கிடைச்சுது."

அன்று இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா பழக்க தோஷத்தில், "பட்டாணி, அக்காவை இன்னொரு ரொட்டி வெச்சுக்கச் சொல்லு" என்றார்.

பட்டாணி வாய் நிறைய ரொட்டியோடு இரண்டு பக்கமும் பார்த்தாள். அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மா தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, எழுந்து போய் அக்காவின் தட்டில் ரொட்டியை வைத்தார். கூடவே அவள் கன்னத்தையும் ஒரு கிள்ளு.

ஸ்வெட்டர் கதவோரத்து ஆணியில் தொங்கியது. அதில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு. அக்கா தன் பழைய சட்டையிலிருந்து வெட்டித் தைத்தது.

அன்றைக்கு அம்மா வீட்டில்தான் இருந்தார். அது ஸ்வெட்டர் நாளே இல்லை. இருந்தாலும் பட்டாணி தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் கட்டிலருகே நின்றாள். அக்கா ஒன்றும் கேட்காமல் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டு, போர்வையைப் பாதி இழுத்து அவள்மேல் போர்த்திவிட்டு, கதையை ஆரம்பித்தாள்.